ஒரு சாண் தள்ளி

மேடம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. ஓடாது. கீழ்வீட்டுக்காரருடையது. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பாதிப் படிக்கட்டுகளுக்கு அடியில் இப்படி ஒன்று உண்டு. படியிறங்குகிறவர்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு ஒருக்களித்துத்தான் வெளியே போக வேண்டும். மாடிக்காரர்கள் எல்லாரும் அவரிடம் சண்டை போட்டார்கள், குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புகார் வர வர அவருடைய மீசைதான் விறைத்தது, ஸ்கூட்டர் அசையவில்லை.

மேடம் சண்டை போடவில்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்து ஒரு சாண் நகர்த்துவார். அவ்வளவுதான். மறுநாள் இன்னொரு சாண். மழைக்காலம் தொடங்கி முடிவதற்குள் அந்த ஸ்கூட்டர் படிக்கட்டைக் கடந்து, சுவரோரம் திரும்பி, அதன் சொந்தக்காரரின் ஜன்னலுக்கு அடியிலேயே போய் நின்றுவிட்டது. யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது அவர் உறுமினாராம்: “என் ஸ்கூட்டர் எப்பவும் இங்கேதான் நிற்கும். இதை நகர்த்த எவனுக்குத் தைரியம்?”

மேடம் அப்போது படியிறங்கிக்கொண்டிருந்தார். “பில்குல் சஹீ, பாயீ சாப்” என்று இந்தியில் அவருக்கு ஒத்து ஊதிவிட்டு, வயிற்றை உள்ளிழுக்காமல் நேராக நடந்து போனார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், “பெயரை நீக்க வேண்டாம், கடைசிப் பக்கத்துக்கு நகர்த்து” என்பார்.

எனக்கு அவரைத் தெரியவந்தது அம்மா வழியாக. தரைக்கு பாலிஷ் போடும் வேலைக்காக விழுப்புரம் பக்கத்திலிருந்து டெல்லி வந்தவர் அப்பா. அம்மா மேடம் வீட்டில் சமையல் செய்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். புசா ரோடு தமிழ்ப் பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு கடல் தாண்டிய ஒரு தேசத்தின் மொழி. இதையெல்லாம் நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கம் எங்கள் வீட்டில் மூன்றாம் தலைமுறைக்கு வந்தால் போதும்.

அந்த வீட்டில் மேடத்தின் மாமியார் இருந்தார். சமையல்காரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மேடம் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவையும் மேஜைக்குக் கூப்பிடவில்லை. ஒரு நாள் அம்மா வீட்டுக்கு வந்து புலம்பினாள்:

“என்னாடி இது, அந்தம்மா வூட்டு மேசை தினைக்கும் கிட்ட கிட்ட வருது. ஊட்ல எதனா காத்து கருப்பு இருக்குதா?”

மேஜை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் அடுப்படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்குள் அதன் பாதி அடுப்படி வாசலுக்குள் நுழைந்துவிட்டது. முன்பாதியில் மாமியார், பின்பாதியில் அம்மா. நடுவில் கதவு நிலை. மாமியாருக்குத் தன் இடம் மாறவில்லை என்ற நிம்மதி. அம்மாவுக்கு நாற்காலி. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு மட்டும் அந்த மேஜை ஏன் அப்படி நிற்கிறது என்று புரியவில்லை. “வாஸ்து” என்றார் மேடம்.

அம்மாவுக்கு இது பெருமை. எனக்குக் கோபம். “தைரியமா மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்பேன். அம்மா சொல்வாள்: “சொல்லியிருந்தா சண்டை வந்திருக்கும். எனுக்கு நாற்காலி வந்திருக்குமா?”

நாற்காலி வந்தது உண்மைதான். ஆனாலும் கோபத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். நேரில் பேசுவதை அந்த இடத்திலேயே மாற்றிச் சொல்லும் வேலை. போய்ச் சேர்ந்த அமைச்சகத்தில் மேடம் துணைச் செயலாளர். எந்த அமைச்சகம் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து கைகுலுக்கிப் போகும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நான் முறைப்பாகத்தான் போனேன். “எங்க வீட்டு சமையல்காரம்மா பொண்ணு” என்று அவர் என்னை அறிமுகப்படுத்தினால் என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் மூன்று பதில்கள் தயார் செய்திருந்தேன். அவர் எழுந்து நின்று, “வாங்க, உட்காருங்க. இவங்க நம்ம புது இன்டர்பிரெட்டர்” என்றார். மூன்று பதில்களும் வீணாகப் போயின. சாயங்காலம் அவர் வீட்டு அடுப்படியில் பார்த்தபோது, “வாடி, வாயெல்லாம் வலிக்குதா?” என்றார். ஆபீஸில் வாங்க, வீட்டில் வாடி. கடைசி வரைக்கும் அதை மாற்றவில்லை.

ஆபீஸில் அவரை எல்லாரும் கேலி செய்வார்கள். காரணம் இதுதான். வெளிநாட்டுக் குழு ஒன்று வருகிறது என்றால், பேச வேண்டிய விஷயங்களை மேடம்தான் வரிசைப்படுத்துவார். முதலீடு, துறைமுகம், மின்சாரம் எல்லாம் இருக்கும். அவற்றோடு சங்கடமான ஒன்றையும் சேர்த்துவிடுவார். அங்கே சிறையில் கிடக்கிற பத்திரிகைக்காரர், அடைபட்டிருக்கிற தொழிலாளி, அப்படி ஏதாவது ஒன்று. எங்கள் பெரிய அதிகாரி நல்ல மனிதர், ஆனால் நல்ல நாளில் நல்லதையே பேச வேண்டும் என்று நினைப்பவர். அந்த ஒன்றை மட்டும் அடிக்கப் பேனாவை எடுப்பார். மேடம் உடனே, “நீக்க வேண்டாம் சார், நகர்த்திடறேன்” என்பார்.

காலைப் பேச்சிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு நகரும். சாப்பாட்டிலிருந்து புகைப்படம் எடுக்கும் இடத்துக்கு. அங்கிருந்து காருக்கு. “இன்னைக்கு மனித உரிமை எங்கே இருக்கு?” என்று ஆபீஸில் கேட்டுக்கொள்வார்கள். “சமோசாவுக்கும் டீக்கும் நடுவுல” என்று யாராவது சொல்வார்கள். ஒரு தடவை ஒரு தூதரிடம் கார்க் கதவைச் சாத்தும்போதுதான் மேடம் அதைச் சொன்னார். சாத்துவதற்கு முன்பு சொன்னாரா, சாத்திய பிறகு சொன்னாரா என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மேடம் மட்டும், “சொல்லியாச்சு” என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கோழைத்தனத்துக்கு நல்ல சேலை கட்டிவிட்டது போல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா குக்கர் வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த அதிசய மேஜையில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

“கொள்கைன்னா ஒரே இடத்துல நிக்கணும் மேடம்.”

“நிக்கறதுக்கு அது என்ன விளக்குக் கம்பமாடி?”

“நீங்க நகர்த்தி நகர்த்தி ஒரு நாள் அது விளிம்புல இருந்து கீழ விழுந்துடும்.”

“விழலாம்” என்றார். கொஞ்ச நேரம் அவரைக்காயை நார் உரித்தார். “பயம் எனக்கும் இருக்கு.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் மொதல்ல நீங்க நவுருங்க. குக்கரை எறக்கணும்.”

இந்த நேரத்தில்தான் ஜெபராணி அக்கா என்னிடம் வந்தாள். முனிர்க்காவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. தூத்துக்குடி பக்கத்துக்காரி, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய தம்பி சாமுவேல் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். எனக்கு மொழி தெரிந்த அதே தேசம். அங்கே உச்சி வெயிலில் அவனோடு வேலை செய்த ஒருவர் சாரத்தின் மேலேயே சுருண்டு விழுந்து செத்துப்போனார். மறுநாள் மதியம் சாமுவேலும் கூட ஆறு பேரும் சாரத்தில் ஏற மறுத்துவிட்டார்கள். கம்பெனி அவர்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கி வைத்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கும் வர முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது.

“ஏட்டி, உன் மேடம்ட்ட ஒரு வார்த்த சொல்லேன்” என்றாள் அக்கா. “போன்ல பேசுதான். நல்லாருக்கேன்னு சொல்லுதான். அவன் நல்லாருக்கேன்னு சொன்னாலே நான் நம்ப மாட்டேன்ட்டி. சின்னப்புள்ளைல காய்ச்ச வந்தாலும் அப்படித்தான் சொல்லுவான்.”

மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டது கம்பெனி பெயரை மட்டும்தான். சொன்னதும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

அந்தக் கம்பெனி ஒரு பெரிய முதலீட்டுக் குழுமத்தின் பிள்ளை. அந்தக் குழுமத்தின் தலைவர் அடுத்த மாதம் டெல்லி வருகிறார். எதற்கு? தூத்துக்குடிப் பக்கம் பெரிய ஆலை ஒன்று வைக்க. அவருக்கும் அந்த நாட்டு அரசுக்கும் நடுவில் ஒரு கதவுதான், அதையும் யாரும் சாத்துவதில்லை.

“பாத்தியா வேடிக்கையை” என்றார் மேடம். “அந்த ஆலை வந்தா அக்கா ஊர்ப் பையங்க கடல் தாண்ட வேண்டியதில்லை. வரணும். ஆனா அதுக்காக சாமுவேலை மறந்துட்டா, நாளைக்கு அதே ஆள் நம்ம ஊர்லயே ஆலை வெச்சு, உச்சி வெயில்ல ஏறுன்னு சொல்லுவார். அப்ப பாஸ்போர்ட் இருக்காது. வேற எதையாவது வாங்கி வெச்சுப்பார்.”

“அப்ப முதல் விஷயமா இதையே பேசுங்க.”

“பேசினா எழுந்து போயிடுவார். ஆலையும் போகும், சாமுவேலும் வரமாட்டான். நம்ம ரெண்டு பேருக்கும் மனசு மட்டும் சுத்தமா இருக்கும்.”

தலைவர் வந்தார். வில்லனைப் போல ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். ஏமாற்றிவிட்டார். வட்ட முகம், மெதுவான குரல், ஜோக் சொல்வதற்கு முன்பே தானே சிரித்துவிடும் பழக்கம். பேத்திக்குப் பிறந்தநாள் என்று போனை நீட்டி எல்லாருக்கும் படம் காட்டினார். மறுநாள் ராத்திரிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் பேத்தி பேசமாட்டாள் என்றார்.

காலைப் பேச்சில் ஆலை, நிலம், தண்ணீர், சாலை. பெரிய அதிகாரியின் முகத்தில் ஒளி. சாமுவேல் மதியத்துக்கு நகர்ந்தான்.

மதிய விருந்து சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில். தெற்கத்திச் சாப்பாடு. மொழிபெயர்ப்பாளருக்கு விருந்தில் இலை கிடையாது. விருந்தினருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, அவர் காதுக்கு நேராக உட்கார வேண்டும். மெதுவடை வாசனையைத் தாங்கிக்கொண்டு அந்நியச் செலாவணி பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தலைவர் ஒருவர்தான் திரும்பி, “நீ சாப்பிட்டாயா, மகளே?” என்று கேட்டார். இதுவரை எந்த விருந்திலும் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்குக் கூடுதலாக உறுத்தியது.

ரசத்துக்கும் பாயசத்துக்கும் இடையில் மேடம் மெதுவாகத் தொடங்கினார். உங்கள் குழுமக் கம்பெனியில் எங்கள் பையன்கள் ஏழு பேர், அவர்களுடைய பாஸ்போர்ட் திரும்பி வரவில்லையாம், என்ன என்று விசாரிக்க முடியுமா.

தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, முகம் மாறாமல் சொன்னார்: “பாஸ்போர்ட்டுகள் பாதுகாப்பாக இருக்கின்றன. தொலைத்துவிடுவார்கள் என்பதால்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். இது அவர்கள் மேல் எங்களுக்கு உள்ள அக்கறை.”

நான் மாற்றிச் சொன்னேன். என் வாய் வழியாகப் போகும் வாக்கியம் எனக்குள் அப்படியே தங்கிவிடும். மறக்க முயன்றாலும் மறக்காது. அது என் தொழிலின் வரமும் சாபமும். பெரிய அதிகாரி ஒரு இருமல் இருமினார். பாயசம் வந்தது. பேச்சு முந்திரிப் பருப்புக்குப் போய்விட்டது.

“நகர்த்திடறேன்” என்று மேடம் என்னிடம் கண்ணாலேயே சொன்னார்.

மாலைக் கூட்டத்தில் நேரமில்லை. மறுநாள் காலையில் கையெழுத்து, புகைப்படம், சால்வை. புகைப்படக்காரர் “இன்னும் கொஞ்சம் நெருங்கி” என்று சொல்லச் சொல்ல, சாமுவேல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான். பெரிய அதிகாரி தலைவரைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் வராந்தாவில் நிற்கும்போது ஜெபராணி அக்கா போன் செய்தாள்.

“கேட்டாங்களாட்டி?”

“நகர்த்தியிருக்காங்க அக்கா.”

“எங்க? கடலுக்கா?”

போனை வைத்துவிட்டாள். எனக்கு மேடத்தின் மேல் வந்த கோபத்தில், அந்த மேஜையை ஒரே தள்ளாகத் தள்ளிப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாமா என்று தோன்றியது.

இனி ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய விருந்தினர்கள் ஊர் திரும்பும் நாளில், அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை நாங்கள் முன்கூட்டியே வாங்கிவிடுவோம். எங்கள் உதவியாளர் ஒருவர் முதலிலேயே விமான நிலையம் போய், இமிகிரேஷன் முத்திரையெல்லாம் வாங்கி வைத்திருப்பார். விருந்தினர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தனி அறையில் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு நேராக விமானத்துக்குப் போகலாம். மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கம். யாரும் யோசிப்பதே இல்லை.

விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனது மேடமும் நானும் மட்டும். வாசலிலேயே உதவியாளர் முத்திரை வாங்கிய பாஸ்போர்ட்டுகளை மேடத்திடம் கொடுத்தார். மேடம் அவற்றைத் தன் ஜவுளிக்கடைத் துணிப்பையில் போட்டார். அந்தப் பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மடக்குக் குடை, ஏதாவது ஒரு காய்கறி இருக்கும். அன்றைக்கு முருங்கைக்காய். உள்ளே போய் உட்கார்ந்ததும் பையைத் தரையில், என் காலடியில் வைத்தார். கையால் மெல்ல ஒரு சாண் பின்னால் தள்ளினார். அது என் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

எனக்கு உடனே புரியவில்லை.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. மேடம் பேத்தியைப் பற்றி விசாரித்தார். என்ன கேக், என்ன கலர் பலூன், எத்தனை மணிக்கு வெட்டுவார்கள். தலைவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்துக்கு ஆட்களை அழைக்கும் முதல் அறிவிப்பு வந்தது. தலைவரின் செயலாளர், ஒல்லியான இளைஞர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எங்கள் பாஸ்போர்ட்டுகள்?” என்று கேட்டார்.

“இருக்கு, இருக்கு. இன்னொரு டீ?” என்றார் மேடம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவரே கேட்டார். மேடம் பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டார். தலைவர் பதில் சொன்னார், ஆனால் இந்த முறை படம் காட்டவில்லை. அவருடைய கை கோட்டின் உட்பையைத் தடவிப் பார்த்தது. எதுவும் அங்கே இல்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை தடவியது. செயலாளர் எழுந்தார், உட்கார்ந்தார். இரண்டாவது அறிவிப்பு வந்தது.

“மேடம்,” என்றார் தலைவர், சிரிப்பில்லாமல். “எங்கள் பாஸ்போர்ட்டுகள் எங்கே?”

மேடம் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “பத்திரமா இருக்கு சார். தொலைஞ்சுடக் கூடாதுன்னுதான் நாங்க வெச்சிருக்கோம். உங்க மேல இருக்கற அக்கறைதான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த வாக்கியத்தை அவர்கள் மொழியில் சொல்லப் பல வழிகள் உண்டு. வேறு சொல், வேறு வரிசை, இன்னும் மென்மையான நடை எல்லாம் எனக்குத் தெரியும். முந்தைய நாள் மதிய விருந்தில் தலைவர் சொன்னபோது எந்தச் சொற்களைப் பயன்படுத்தினாரோ, எந்த இடத்தில் மூச்சு விட்டாரோ, அதே சொற்களில், அதே மூச்சில் நான் சொன்னேன். “அக்கறை” என்ற சொல்லில் அவர் கொடுத்த சின்ன அழுத்தத்தையும் விடவில்லை. அம்மா சமையலறைத் தரையிலிருந்து நாற்காலிக்கு வந்தாள். நான் அவள் நாற்காலியிலிருந்து இந்த அறை வரைக்கும் படித்து வந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானோ என்று இருந்தது.

தலைவரின் காதுமடல் இரண்டும் சிவந்தன. செயலாளர் தரையைப் பார்த்தார்.

“இது நட்புக்கு அழகா?” என்று கேட்டார் தலைவர்.

“நண்பர் வீட்டுலதானே சார் எங்க பிள்ளைங்களும் இருக்காங்க” என்றார் மேடம். “உங்க பேத்தி கேக்கை வெச்சுக்கிட்டு வாசலைப் பாக்கற மாதிரி, இங்கேயும் பாத்துக்கிட்டு இருக்காங்க.” அப்புறம் ஏழு பேரின் பெயரையும் ஊரையும் சொன்னார். கையில் காகிதம் இல்லை. சாமுவேலைக் கடைசியில் சொன்னார்.

என் காலடியில் முருங்கைக்காய் குத்தியது. நான் அசையவில்லை.

தலைவர் போனை எடுத்து யாரிடமோ வேகமாகப் பேசினார். மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனால் காது இருக்கிறதே. “ஏழு பேரும். ஆமாம், கையில் கொடு. டிக்கெட்டும். ஏன் என்று என்னைக் கேட்காதே” என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “நீ நல்ல மாணவி” என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை.

மேடம் குனிந்தார். “அட! இங்கேயே இருக்கே! வயசாயிடுச்சு பாருங்க” என்று பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து, மேலே ஒட்டியிருந்த முருங்கை நாரைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார். இதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சிரிக்காமல் செய்தேன். என் வாழ்க்கையிலேயே கடினமான மொழிபெயர்ப்பு அதுதான். கதவருகே போனதும் தலைவர் நின்று திரும்பி, வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை ஜோக்குக்குப் பிறகு.

காரில் திரும்பும்போது, தௌலா குவான் தாண்டியதும், மேடம் துணிப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “விழுந்திருக்கும் இல்ல? விளிம்பு வரைக்கும் போயிடுச்சு.”

தலைவர் புகார் செய்யவில்லை. செய்வதானால், கால் மணி நேரம் பாஸ்போர்ட் இல்லாமல் உட்கார்ந்ததில் தனக்கு என்ன கஷ்டம் என்று எழுத வேண்டியிருக்கும். ஆலைக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. ஆனால் அவருடைய செயலாளர் யாரிடமோ சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, விஷயம் எங்கள் பெரிய அதிகாரியின் காதுக்கு வந்துவிட்டது. அவர் மேடத்தைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில், பழைய கொடிகளும் மிச்சமான அழைப்பிதழ்களும் அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தேன். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“நீக்கலை பாத்தியா” என்றார். “நகர்த்தியிருக்காங்க. என்கிட்டயே கத்துக்கிட்டாங்க.”

“அங்க இன்னும் எத்தனையோ பேரோட பாஸ்போர்ட் அப்படியேதான் இருக்கு மேடம்” என்றேன். சும்மா இருக்க முடியவில்லை எனக்கு.

உரித்த சுளையை என் கையில் வைத்தார். “தெரியும்டி. ஏழு பேர்தான் வந்தாங்க. அதை ஜெயிச்சதா நினைச்சு நீ தூங்கிடாத.” பிறகு குரலைத் தணித்து, “அடுத்த குழு எப்ப வருது?” என்று கேட்டார். அவருடைய மேஜை அலமாரிகளிலிருந்து கொஞ்சம் விலகி, வாசலை நோக்கி நகர்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சாமுவேல் ஊருக்குப் போகும் வழியில் அக்காவைப் பார்க்க டெல்லியில் இறங்கினான். நல்ல குளிர். அக்கா அவனுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டிருந்தாள். வெயிலில் கருத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். சட்டைப்பையில் பாஸ்போர்ட், பையின் வாயில் ஊக்கு. குளிக்கும்போதுகூட அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்துக்கொண்டே குளிக்கிறான் என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள்.

மேடம் தன் துணிப்பையோடு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. காபி குடித்து முடித்ததும் மேடம் கையை நீட்டினார்.

“எங்கே, காட்டு தம்பி. நான் இவ்வளவு பாடுபட்டது எதுக்குன்னு பாக்கறேன்.”

சாமுவேல் ஊக்கைக் கழற்றிப் பாஸ்போர்ட்டை எடுத்தான். நீட்டினான். மேடம் மறுமுனையைப் பிடித்தார். அவன் தன் முனையை விடவில்லை.

“ஏலே, குடுலே! மேடம்லா கேக்குதாங்க!” என்று அக்கா அதட்டினாள்.

அவன் வெட்கமாகச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் விரல் தளரவில்லை.

மேடம் இழுக்கவில்லை. அவன் பிடியிலேயே அதை மெல்லத் திறந்து, குனிந்து படத்தைப் பார்த்தார். “மூஞ்சி சரியா விழலை” என்றார். திறந்த மாதிரியே மூடினார். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்து, கைக்கு எட்டிய ஒன்றை அவர் நகர்த்தாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.